சமையல்கட்டுக்குப் பின்னால்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். ஆனால் ஆகாயத்துக்குக் கேட்காமல் சொல்ல வேண்டிய கதை.

மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். எதிரே, கைகள் பின்னால் கட்டப்பட்டுக் கழுதைக்காரன் நின்றான். கதவோரம், ஈரக்கையைக் கரித்துணியில் துடைத்தபடி சமையல்காரி நின்றாள்.

அவள் கொடுத்த புகாரின் பேரில்தான் அவனைக் கட்டியிருந்தார்கள். அவன் அந்நியன் இல்லை. அவளுடைய செத்துப்போன புருஷனின் கூடப்பிறந்த தம்பி.

அந்த நாட்டுக்குப் படை சின்னது, மலை பெரிசு. தலைமுறை தலைமுறையாக எதிரியை அடித்து அனுப்பியது மலைதான். புல்லும் முளைக்காத அந்த மொட்டை மலையின் இடுக்கில், குண்டும் மருந்தும் பதுக்கிய குகை இருப்பது அங்கே இருந்த நாற்பது பேருக்குத்தான் தெரியும்.

அப்படியிருந்தும் இரண்டு மாதத்தில் இரண்டு முறை குகைவாசலில் குண்டு விழுந்தது. அளந்து போட்டாற்போல் விழுந்தது.

இரண்டாவது குண்டில் வாசல் காவல்காரன் போனான். தினமும் காலித்தட்டை மறுபடி நீட்டி, "அக்கா, வயித்துல ஒரு மூலை இன்னும் காலியா கெடக்கு" என்பவன்.

அன்றிலிருந்து சமையல்காரிக்கு உப்பைப் பார்த்தாலும் சந்தேகம்.

நாற்பது பேரில் வெளியே போய்வருகிறவன் கொழுந்தன் ஒருவன்தான். வாரம் ஒருமுறை கழுதைகளை ஓட்டிக்கொண்டு கீழே சந்தைக்கு இறங்குவான். மகளைக் கட்டிக்கொடுத்திருந்ததோ எல்லைக்கு அந்தப் பக்கம். போதாக்குறைக்கு, நடக்கும்போது தரையைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பான்.

இன்னொன்றும் செய்தான். பாறையைக் குடைந்த சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி அவள் பூசணிக்கொடி வளர்த்திருந்தாள். கல்லில் நார் உரித்த கதைதான். அவனோ விடிந்ததும் வந்து, கழுதைக்கு வைத்திருந்த காய்ந்த புல்லை அள்ளிக் கொடிமேல் போடுவான். அவள் வாரி எறிவாள். மறுநாளும் போடுவான். அடியில் எதையோ ஒளிக்கிறான் என்று கொடியைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாததுதான் அவளுக்கு இன்னும் உறுத்தியது.

வானத்தைப் பார்ப்பதையும் சம்பந்தி வீட்டையும் சொல்லிப் புகார் கொடுத்தாள். புல் சங்கதியை விட்டுவிட்டாள். வெடிமருந்துக் கிடங்கில் பூசணி போட்டதற்கு யார் வசவு வாங்குவது?

அதிகாரி அன்று காலையில்தான் மலை ஏறி வந்திருந்தார். இன்னும் மூச்சு அடங்கவில்லை. பையிலிருந்து மூன்று படங்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

"எதிரியோட செயற்கைக்கோள் மேலேர்ந்து எடுத்தது. எல்லையில பிடிபட்ட எதிரி ஆள் ஒருத்தன் பையில கெடைச்சுது."

அவர் விரல் ஒரு பச்சைப் பொட்டில் நின்றது.

"மலை பூரா சாம்பல் நெறம், இங்க மட்டும் பச்சை. மொதப் படத்துல கைக்குட்டை அளவு, அடுத்ததுல போர்வை அளவு. இவன் பச்சைத் துணிய விரிச்சு மேல அடையாளம் காட்டியிருக்கான். நாளைக்குக் கீழ கொண்டு போறோம். அப்புறம் ஒரு தோட்டாவோட முடிஞ்சுது."

சமையல்காரி குனிந்து பார்த்தாள். சமையல்கட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் மூக்கு தெரிந்தது. அதை ஒட்டினாற்போல் பச்சை.



புல்லும் முளைக்காத இடத்தில் பச்சை இருந்தால், தண்ணீர் ஊற்ற ஒரு கை இருக்கிறது. கை இருந்தால் ஆள் இருக்கிறது. ஆள் இருந்தால் ஒளித்துவைக்க ஏதோ இருக்கிறது. மலை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய கழுநீர் சொல்லிவிட்டது.

காவல்காரன் கடைசியாக நீட்டிய தட்டில் அவள் போட்டதும் அந்தக் கொடியின் காய்தான்.

மூன்றாவது படத்தில் பச்சையின் பாதியைப் பழுப்பு மூடியிருந்தது. காய்ந்த புல்லின் பழுப்பு.

"இந்தக் கொடி இங்க வேணாம் அண்ணி, மேல கண்ணு இருக்கு" என்று ஒருநாள் அவன் சொல்லியிருந்தான். "மேல இருக்கிறது சாமி கண்ணு. கொள்ளிக்கண்ணு உன்னோடதுதான்" என்று அவள் வாயை அடைத்திருந்தாள்.

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியாதா? சந்தையிலிருந்து விதையை வாங்கிவந்து கொடுத்தவனே அவன்தானே. ஆனாலும் வாயைத் திறக்காமல் நின்றான். அவள் பார்ப்பதைக் கண்டதும், அதிகாரிக்குத் தெரியாமல், வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினான்.

"ஒரு நிமிசம் இருங்க ஐயா" என்று சொல்லி வெளியே போனாள்.

திரும்பி வந்து, மண் ஒட்டிய ஒரு பூசணிக்காயைப் படத்தின்மேல், அந்தப் பச்சைப் பொட்டின்மேலேயே, வைத்தாள். காம்பில் இரண்டு காய்ந்த புல் சிக்கியிருந்தது.

"என்னம்மா இது?"

"நீங்க சொன்ன துணிதாங்க ஐயா. காய்ச்சிருக்கு."

கரித்துணியை மேசை ஓரத்தில் மடித்து வைத்தாள். பிறகு, கட்டுவதற்குத் தோதாக, இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்துக்கொண்டு கொழுந்தன் பக்கத்தில் போய் நின்றாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கொல்லையில் கொடி படரட்டும், காய் கனக்கட்டும். எத்தனை முறை வாரி எறிந்தாலும் மறுநாளும் ஒரு கை புல்லோடு வந்து நிற்க, உங்கள் வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கட்டும்.