எடுத்த இடத்தில் மாட்டு

மூன்று விசிறிகளும் சுற்றின. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விளக்கும் எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாக இருந்தது.

“வரும்,” என்றார் அண்ணன்.

வரவில்லை. ‘நோ சிக்னல்’ என்று ஒரு கட்டம் திரையில் கொஞ்ச நேரம் மிதந்தது. அப்புறம் அதுவும் அலுத்துப்போய் அணைந்தது.

தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை. நான்கு மணிக்குப் பல் டாக்டர் தன் கூட்டாளிகளோடு வந்துவிடுவார். அவள் வரைந்து கொடுத்து இனிமேல்தான் கட்டப்போகும் மருத்துவமனைக்குள் நடந்துபோவதுபோல அவர்களுக்குப் படம் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு மாத உழைப்பு. அதை ஓட்டத்தான், பழையதைக் கழற்றிவிட்டு அண்ணன் இன்று மாட்டிய இந்தப் புதிய கிராஃபிக்ஸ் கார்டு. படம் ஓடாவிட்டால் அடுத்த தெரு ஆபீசுக்குப் போய்விடுவேன் என்று டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். பல்லைப் பிடுங்கும்போதும் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

அண்ணனுக்குக் கவலையில்லை. தான் வேலை பார்க்கும் காப்பீட்டு ஆபீசில் பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தை ஒருமுறை கிழியாமல் உருவியதில் தொடங்கிய புகழ் அவருடையது. அதற்குப் பிறகு சொந்தபந்தத்தில் எந்தக் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறினாலும் அவருக்குத்தான் போன். ‘கம்ப்யூட்டர் புலி’ என்று பட்டம். பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டால் எல்லாரும் அவரையே கைகாட்டுவார்கள்.

புலிக்கு ஒரு வேதவாக்கு உண்டு. எடுத்த இடத்தில் மாட்டு.

எந்த வயரைத் தொடும் முன்பும் போனில் ஒரு போட்டோ. திரும்ப மாட்டும்போது போட்டோவைப் பார்த்து, அதே துளையில் அதே வயர். மயிரிழை பிசகக் கூடாது.

கார்டை உருவினார். ஊதினார். செருகினார். போட்டோவைப் பார்த்து வயர்களை மாட்டினார். கறுப்பு.

ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். போட்டோவைப் பார்த்து மாட்டினார். கறுப்பு.

பொத்தான் அளவு பேட்டரியை நெம்பி எடுத்து, நூறுவரை எண்ணி, திரும்ப வைத்தார். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது என்று கையைக் காட்டினார். யாரும் பேசவில்லை. மானிட்டரும்தான்.

மேசைக்கு அடியில் அவருக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார் தங்கையின் கணவர். அண்ணனின் போனில்தான் டார்ச்சும். போட்டோ பார்க்க ஒருவர் வாங்குவதும், வெளிச்சம் அடிக்க மற்றவர் வாங்குவதுமாக அது கைமாறிக்கொண்டே இருந்தது.

“மூணு ஃபேனும் ஜோராத்தான் சுத்துது மச்சான். டாக்டர் வந்தா காத்தாவது வாங்கிட்டுப் போகட்டும்.”

“டார்ச்சை நேரா பிடிங்க மாப்பிள்ளை. உங்க வாய் ஆடுற ஆட்டத்துல வெளிச்சமும் ஆடுது.”

“அண்ணா, கடைக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடவா?” என்றாள் தங்கை.

அது அண்ணனின் காதில் விழவில்லை. அந்த மாதிரிச் சொற்களை வடிகட்டிப் பழகிய காது.

நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் செத்தது.

டார்ச் இல்லை. போட்டோவும் இல்லை. மாட்ட வேண்டிய கடைசி வயர், மானிட்டர் வயர், அண்ணனின் கையில் இருந்தது. வாசலில் கார் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

பெட்டியின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினார். போட்டோவில் இருந்த துளை மேலே, கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருந்தது. விரலில் தட்டுப்பட்டதோ ஒரு சாண் கீழே, புதிய கார்டிலேயே இருந்த ஒரு துளை. ஆபத்துக்குப் பாவமில்லை. செருகினார்.

திரை பளிச்சென்று கண் விழித்தது.

“என்னண்ணா பண்ணீங்க?”

“பண்ண வேண்டியதை,” என்றார் அண்ணன், முழங்காலைத் தட்டிவிட்டபடி.

டாக்டரும் கூட்டாளிகளும் வந்து உட்கார்ந்தார்கள். திரையில் கண்ணாடிக் கதவு திறந்தது. வழவழத் தரையில் விளக்குகள் நிழலாடின. நாற்காலிகளைக் கடந்து, மாடிப்படி ஏறி, ஒரு திக்கல் திணறல் இல்லாமல் படம் நடந்தது. “இந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெருசாக்கலாமே” என்று ஒரு கூட்டாளி சொன்னதுமே, வேலை தனக்குத்தான் என்று தங்கைக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்து அறையில் அண்ணன் ஸ்க்ரூ டிரைவர்களைத் துடைத்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பழைய கார்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

“இதை எங்க அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டிக் கொடுத்துடுங்க மச்சான். மூணு வருஷம் முன்னாடி நீங்க இதைப் போட்ட அன்னிக்கே கம்ப்யூட்டர் எப்படிப் பறந்துச்சு. நான் பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டு, செத்த போனைச் சார்ஜில் போடக் குனிந்தார்.

அண்ணன் கார்டைத் திருப்பினார்.

மானிட்டர் வயர் நுழைய வேண்டிய நான்கு துளைகளிலும் ரப்பர் மூடிகள், கம்பெனியில் அழுத்திவிட்டபடியே உட்கார்ந்திருந்தன. கரண்டு வயர் செருக வேண்டிய இடத்தில் டேப் உரிக்கப்படாமல் இருந்தது.

அவர் வாசற்பக்கம் ஒருமுறை பார்த்தார். மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். டேப்பை உரித்து உருட்டி அதையும் போட்டார்.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். கார்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணு வருஷம் உழைச்ச மாதிரியே தெரியல மச்சான். புதுசு மாதிரி இருக்கு.”

“மாட்டின கை அப்படி, மாப்பிள்ளை.”