மேற்கே என்ன தெரிந்தது

போலீஸ் வண்டி மேட்டூர் அணைமேல் ஏறிவரும் சத்தம் கேட்டபோது, சிக்கந்தர் பிறையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அதா, மலைக்கு மேல நூலாட்டம். தெரியுதுங்களாண்ணா?"

"நல்லாத் தெரியுது பாயி," என்றான் மாதையன்.

நோன்பு முடிந்தது, நாளைக்குப் பெருநாள். சிக்கந்தர் குரலெல்லாம் சிரிப்பாக இருந்தது. பிறகு அவன் கையேந்தி அரபியில் வேண்டத் தொடங்கினான்.

இருவரும் அணைக் காவலாளிகள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பேச்சு வந்ததிலிருந்து சாயங்காலக் காவலில் ஜோடி. சிக்கந்தர் இருமிக்கொண்டே முன்னால் நடப்பான், மாதையன் பின்னால். அந்த இருமலை மாதையன் கிண்டல் செய்யாத நாளில்லை. வைத்தியரைப் பார் என்றால் சிக்கந்தர் சிரித்து மழுப்பிவிடுவான்.

இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் சத்தம் அருகில் வந்து நின்றது.

யாரோ புண்ணியவான் போய்ச் சொல்லியிருக்கிறான். பொழுது இறங்கினால் பாய் மேற்கே திரும்பி நிற்கிறான், கையைத் தூக்குகிறான், புரியாத பாஷையில் பேசுகிறான், எதிரி விமானத்துக்குச் சைகை காட்டுகிறான் என்று. இப்போது இன்ஸ்பெக்டரே கண்ணால் பார்த்தாகிவிட்டது.

தொழுகையும் பிறையும்தான் என்று சிக்கந்தர் பணிவாகச் சொன்னான். இன்ஸ்பெக்டர் மேற்கே பார்த்தார். பிறை என்ன அவருக்காகக் காத்திருக்குமா? அதற்குள் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

மாதையன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிக்கந்தர் பெருநாளைக்கு வீட்டில் இருப்பான்.

"நீ பார்த்தியாய்யா? பார்த்திருந்தா எந்த இடம்னு கையைக் காட்டு."

மாதையன் கை எழவில்லை.

"நான் ஒண்ணும் பாக்கலீங்க."

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது. வண்டியில் ஏற்றும்போது அவன் குரல் மட்டும் வந்தது.

"சுவத்தப் புடிச்சுக்கிட்டே போங்கண்ணா."

"அதென்னடா சங்கேதம்?" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

இனி அணைக்குக் கவலையில்லை, உன்னைப் போல நம்பிக்கையான ஆள் ஒருத்தன் போதும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்று மாதையன் முதுகில் தட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மாதையன் கைப்பிடிச் சுவரைத் தடவிக் கண்டுபிடித்தான். அந்த இருமல் எதற்கு என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

பொழுது சாய்ந்தால் மாதையனுக்குக் கண் தெரியாது. மாலைக்கண். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், குடியிருக்கும் வீடும் போகும் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருந்தான். சிக்கந்தருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. பிடிபட்ட பிறகும் அவன் காட்டிக்கொடுக்கவில்லை.

கீழே நீரில் துடுப்புப் போடும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் அங்கே பரிசல் வரக்கூடாது.

"பாயி, யாருன்னு பாருங்க," என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

சுவரைப் பிடித்தபடி, இருட்டைப் பார்த்து அவனே அதட்டினான். துடுப்பு ஒரு கணம் நின்றது. பிறகு அணையை நோக்கி வந்தது.