ஐந்தருவி பங்களாவில் வாந்திபேதி

செம்பருத்திச் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார் பெயிண்ட் மேஸ்திரி கிதிர் முகம்மது. வயிற்றில் ஒன்றும் இல்லை. பச்சையும் மஞ்சளுமாய்ப் பித்தநீர்தான் வந்தது. அது மண்ணில் விழுந்ததும் ஈ மொய்த்தது.

வராந்தாவில் நின்ற கல்யாணசுந்தரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சாரல் தொடங்கி விருந்தாளிகள் வருவதற்குள் பங்களாவின் ஜன்னல்களுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். அதற்காகத் தென்காசியிலிருந்து அவரை வரவழைத்தவள் அவள்தான்.

"உலகம்மா, அந்த ஆளு என்னத்தத் தின்னு தொலைச்சான்?"

"ஒண்ணும் எறங்கலியாம்மா. வயித்தப் போட்டு முறுக்குதுன்னு சொல்லுதாரு" என்றாள் வேலைக்காரி உலகம்மாள், கிட்டே போகாமலே.

சுரண்டைப் பக்கம் காலரா என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. கல்யாணசுந்தரிக்கு உடம்பு கூசியது.

வந்த நாளிலிருந்தே அந்த மனிதரை அவளுக்குப் பிடிக்கவில்லை. முதல் நாள் மாடிக் கோடி அறையின் ஜன்னலைத் தொடங்கும்போது ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். "பழைய பெயிண்ட நனைச்சுத் தேய்ச்சா தூசி பறக்காதும்மா. மூச்சு முட்டாது" என்றார். தேய்க்கத் தொடங்கியதும் வெள்ளைக் கூழாக வழிந்து, மெழுகிப் பளபளத்த தரையில் சொட்டியது.

"சளி ஒழுகுத மாதிரி இருக்கு, பாக்கவே கொமட்டுது" என்றாள் கல்யாணசுந்தரி. "தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காஞ்சபடியே சுரண்டும்."

அவர் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுக் காய்ந்தபடியே சுரண்டினார். சாயங்காலம் வேலை முடிந்து இறங்கி வரும்போது புருவமும் தாடியும் வெளுத்துப்போய், பிணத்துக்குச் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். அதைப் பார்த்தாலும் அவளுக்குக் குமட்டும்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றார் இப்போது, செடியை விடாமல்.

யாரும் அசையவில்லை. கல்யாணசுந்தரி காவல்காரன் மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டாள். "இவன வண்டியில ஏத்தி, தென்காசி ஆஸ்பத்திரியில தள்ளிட்டு வாரும். குளிச்சிட்டுத்தான் கேட்டுக்குள்ள கால் வைக்கணும்."

வண்டி போனதும் வராந்தாவில் பினாயிலைக் கொட்டிக் கழுவினார்கள். அவர் அத்தனை நாளும் தண்ணீர் குடித்த தகரக் குவளையைக் குச்சியால் தள்ளிக்கொண்டு போய்க் குழியில் போட்டு மூடினாள் உலகம்மாள். செம்பருத்திச் செடியையே வேரோடு பிடுங்கச் சொன்னாள் கல்யாணசுந்தரி. ஆனாலும் அந்த நாற்றம் மூக்கைவிட்டுப் போகவில்லை.

அவளுக்கு ஒரே பையன், பெருமாள். ஐந்து வயது. ஏழு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அவனை வெந்நீரில் தேய்த்துக் குளிப்பாட்டி, மாடிக்குத் தூக்கிப் போய், வராந்தாவுக்குத் தூரமான கோடி அறையில் விட்டு, ஜன்னல்களை அடைத்து, வெளியே பூட்டினாள்.

"யாரும் கிட்ட வரக் கூடாது. ஈ கூட நுழையக் கூடாது" என்றாள். சோறும் பாலும் அவளே கொண்டுபோனாள். இரவு கதவோரம் அவளே பாய் விரித்துப் படுத்தாள்.

மறுநாள் தட்டை வாங்க நீண்ட பிள்ளையின் கைகள் மாவில் தோய்த்ததுபோல் வெள்ளையாக இருந்தன. பவுடர் டப்பாவைக் கவிழ்த்து விளையாடியிருப்பான் என்று எண்ணிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் பெருமாள் சோற்றைத் தொடவில்லை. "வயித்த வலிக்கும்மா" என்று சுருண்டு படுத்தவன், மத்தியானம் பாயிலேயே வாந்தியெடுத்தான். கல்யாணசுந்தரி வாய்விட்டு அழுதாள். தென்காசி டாக்டரை அழைத்துவரக் கார் போயிற்று.

டாக்டர் வராந்தா ஏறுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். "அந்த மேஸ்திரி ஒட்டவச்சிட்டுப் போயிட்டான், டாக்டர். காலராவ வயித்துல வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்குள்ள வந்திருக்கான். நெனைச்சாலே அருவருப்பா இருக்கு. வராந்தா பூரா பினாயில் ஊத்திக் கழுவியாச்சு. அப்பிடியும் எம்புள்ளையப் பிடிச்சிட்டு."

"கிதிர் முகம்மதையா சொல்லுதீங்க? அவர நான்தான் பாக்கேன்" என்றார் டாக்டர். "அவருக்குக் காலரா இல்ல. ஈறுல நீலமா கோடு விழுந்திருக்கு. ஈய விஷம்."

"விஷமா? யாரு வச்சா?"

"யாரும் வைக்கல. பழைய வெள்ளப் பெயிண்டுல ஈயம் கலந்திருக்கு. நனைச்சுத் தேய்ச்சா கூழா வழிஞ்சு போயிரும், தொடச்சு எடுத்துரலாம். காஞ்சபடி சுரண்டினா மாவா பறந்து அந்த அறை பூராப் படியும். மூச்சுல போகும், கையில ஒட்டி வாய்க்குள்ள போகும். வருஷக் கணக்கா இந்த வேலை பாத்த மனுஷன். ஒடம்புல ஏற்கெனவே ஊறிக் கெடந்தது, இங்க வந்து முத்திட்டு. ஆனா அது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. பயப்படாதீங்க."

கல்யாணசுந்தரி பயம் தெளிந்தவளாகத் தெரியவில்லை. அவள் கண் மாடிப் பக்கம் போயிற்று.

"புள்ளைக்கு என்னன்னு பாப்போம்" என்று பெட்டியை எடுத்தார் டாக்டர். "ஆனா ஒரு காரியம். அவர் சுரண்டின அறை எதுவோ, அதக் கழுவித் தொடைக்கிற வரைக்கும் பூட்டியே வைங்க. சின்னப் புள்ள இருக்கிற வீடு."

அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"பூட்டித்தான் வச்சிருக்கேன், டாக்டர். புள்ளைய உள்ள வச்சு."