நான்கு கண்டங்களின் புருவம்

எல்பே நதியைப் பார்த்த பட்டறை ஜன்னலில் காலை வெளிச்சம் விழுகிறது. சூளையிலிருந்து வந்த நான்கு பீங்கான் சிறுமிகள் பலகை மேல் வெள்ளை வெளேரென்று இருக்கிறார்கள். கிரீடக்காரி ஐரோப்பா, ஒட்டகத்தில் சாய்ந்தவள் ஆசியா, யானைத்தலையைத் தொப்பியாகக் கவிழ்த்திருப்பவள் ஆப்பிரிக்கா, முதலை மேல் உட்கார்ந்திருப்பவள் அமெரிக்கா. வர்ணம் தீட்டும் லெபரெக்ட், ஐரோப்பாவின் இடது புருவத்தை நகத்தால் நெருடுகிறார். மயிரிழை போல ஒரு பள்ளம். ஆசியாவுக்கும் இருக்கிறது. மற்ற இருவருக்கும்கூட. "நாலும் விரிசல் விட்டிருக்கே! ஒடைச்சுப் போட வேண்டியதுதான்," என்று காலடியில் கிடக்கும் கூடையை இழுக்கிறார். பழுதான பொம்மை முழுசாக வெளியே போகக் கூடாது என்பது பட்டறைக் கட்டளை. தண்ணீர் கொண்டுவந்த ரோசினா, வாளியைக் கீழே வைக்காமலே குனிந்து பார்க்கிறாள். "ஐயையோ, ஒடைச்சிடாதீங்க! விரிசல் இல்லைங்க அது, எம் மவ உர்சல் வண்டியிலேர்ந்து விழுந்த தழும்பு. தேன் ரொட்டி தர்றேன்னு உக்கார வெச்சு, உங்க சிற்பிதான் அவ மூஞ்சியைச் செஞ்சாரு." லெபரெக்ட் நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அதே மூக்கு, அதே மோவாய். "அடப்பாவி, நாலு தலைக்கும் ஒரே அச்சா!" கூடை காலால் தள்ளப்படுகிறது. பழுப்பு வர்ணத்தில் தோய்ந்த தூரிகை ஆப்பிரிக்காவின் கன்னத்தருகே போய்த் தயங்குகிறது. "நான் இந்த ஊரையெல்லாம் கண்டதில்லை. முதலையையும் கண்டதில்லை. ஒம் மவ எது வரைக்கும்மா போயிருக்கா?" "அவளா? பாலத்துக்கு அந்தப் பக்கம்கூடப் போனதில்லைங்க. தண்ணியைக் கண்டா பயம்."