நூற்று முப்பதுக்குள்

இரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரம் நூற்று ஐம்பத்திரண்டு என்று காட்டியது. மூன்றாவது வாரமாக ஹார்மோன் மாத்திரைப் பெட்டி திறக்கவில்லை.

"வீட்ல பார்த்தா நூத்திப் பதினெட்டுதான் சிஸ்டர். இந்த மெஷின் என் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடுதுல்ல, அப்பதான் ஏறுது," என்றாள் திருநங்கை தாரகை.

"தெரியுதுக்கா. பேரை மாத்தச் சொல்லி நாலு தடவை எழுதிட்டேன். இந்த மாத்திரையைப் பிரஷர் பார்த்துத்தான் குடுக்கணும். நூத்தி முப்பதுக்குள்ள இருந்தாத்தான் பெட்டி திறக்கும். கொஞ்சம் அமைதியா இருங்க," என்றார் நர்ஸ் பொன்மலர்.

"அமைதியா இருன்னு சொல்லாதீங்க சிஸ்டர், அதுக்கும் ஏறுது!"

மறுவாரம் தாரகை இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தாள். கையில் பட்டையைச் சுற்றி, கண்ணை மூடி உட்கார்ந்தாள். இயந்திரம் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தது. அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் இரண்டு முறை அழைத்தது. அவள் நிதானமாக மூச்சு விட்டாள்.

கண்ணைத் திறந்தபோது திரையில் நூற்றுப் பதினாறு என்று இருந்தது. சிரித்தபடி பெட்டிப் பக்கம் திரும்பினாள். அது மூடியே இருந்தது. எண்ணுக்குக் கீழே ஒரு வரி ஓடியது:

"மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை. நோயாளி வரவில்லை."

பட்டை இன்னும் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.