பரவாயில்லை என்னும் பதில்

ஜூன் பதினான்காம் நாள். காலை முதல் விடாத தூறல். அன்று வீடு திரும்பவிருந்த நோயாளியின் குறிப்பேட்டை அறுவை மருத்துவர் செவிலியரிடம் நீட்டினார்.

"வலி பரவாயில்லைன்னு எழுதியிருக்கீங்களே, சிஸ்டர். கொறஞ்சிருக்கா, இல்ல பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கறாரா?"

"அவர் சொன்னதைத்தான் எழுதினேன், டாக்டர்."

"பத்துக்கு எத்தனைன்னு திரும்பக் கேளுங்க."

செவிலியர் போய்க் கேட்டு வந்தார். "எட்டாம், டாக்டர். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லலையாம்."

கட்டைப் பிரித்தபோது உள்ளே சீழ் கட்டியிருந்தது. உடனே சிகிச்சை தொடங்கியது. நோயாளி இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

அறைக்குத் திரும்பிய மருத்துவர் அதே செவிலியரை அழைத்தார்.

"உங்க முதுகுவலியை ஒரு மாசமா விசாரிக்கிறேன். என்ன சொன்னீங்க, சிஸ்டர்?"

"பரவாயில்லைன்னு."

"நானும் கொறஞ்சிடுச்சுன்னே எடுத்துக்கிட்டேன். பத்துக்கு எத்தனை?"

செவிலியரின் கண்கள் கலங்கின.

"ஏழுங்க. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் திருப்பிக் கேட்டிருக்கீங்க. அதுவும் பொண்டாட்டியைப் போய் சிஸ்டர்னு கூப்பிட்டுக்கிட்டு!"

"மன்னிச்சுக்கோம்மா."

"கேட்டீங்களே, அதுவே போதுங்க."

மருத்துவர் தம் மனைவியின் கையைப் பற்றி எலும்பு மருத்துவரின் அறைக்குள் அழைத்துச் சென்றபோது மணி பன்னிரண்டு இருபது.