ஆமைக்கு ஒன்று, டால்பினுக்கு ஒன்று

விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் மறுபடியும் கேட்டாள்.

“ஆமை பாக்க ஒரு ஆள். டால்பின் படகுக்கு ஒரு ஆள். அப்படித்தானே சார்?”

“அப்படித்தாம்மா.”

அவள் அவனைப் பார்த்தாள். தோளில் பையோடு பக்கத்தில் நின்ற அவன் மனைவியைப் பார்த்தாள். பிறகு கணினித் திரையைப் பார்த்தாள். எங்கேயும் விடை கிடைத்த மாதிரி தெரியவில்லை.

அவனுக்கு அந்தப் பெண்ணின் குழப்பம்தான் குழப்பமாக இருந்தது. இவ்வளவு கச்சிதமாக அவன் வாழ்க்கையில் எதையும் திட்டம் போட்டதில்லை.

இருப்பதே இரண்டு நாள். இந்தக் கடற்கரை நகரத்தில் பார்க்கக் கிடப்பதோ ஏகப்பட்டது. மனைவி ஆசைப்பட்டது காலை டால்பின் படகு, கலங்கரை விளக்கம், மீன் காட்சியகம். அவன் ஆசைப்பட்டது இரவில் கரையேறி முட்டையிடும் ஆமைகள், விடிவதற்கு முன் கழிமுகத்தில் வந்து இறங்கும் பறவைகள்.

ஒன்றோடு ஒன்று முட்டவே இல்லை. அவள் படகுக்குக் கிளம்பும் நேரத்துக்கு அவன் பறவை பார்த்துவிட்டு வந்துவிடுவான். அவள் ஊர் சுற்றி முடித்துத் திரும்பும்போது அவன் தூங்கி எழுந்து ஆமைக்குத் தயாராக இருப்பான்.

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

இந்தப் பயணமே அவள் கேட்டதுதான். போன மாதம் ஒரு சாயங்காலம், அவன் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். அவள் வேலை முடிந்து படியேறி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நாளைக்குப் பால் வாங்கணும் என்பது போலச் சொன்னாள்.

“ரெண்டு நாள் எங்கயாவது போய் ஒண்ணா இருந்து பாப்போம். சரிப்பட்டு வரலன்னா ஆளுக்கொரு வழியா போயிடலாம்.”

கோபம் எதுவும் இல்லை. அவர்கள் வீட்டில் சண்டை நடந்ததே கிடையாது. சண்டை போட இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டும்.

அவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, அடுப்படியில். கூட இருப்பவர்கள் ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை, பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது. அவள் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் அவன் வந்து படுப்பான். லீவு நாளில்கூட அவனுக்கு இரவில் கண் ஒட்டாது. கூடத்தில் சத்தத்தைக் குறைத்து டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “மச்சான், இது குடும்பமா, வாட்ச்மேன் ஆள் மாத்துற இடமா?” என்று அவள் தம்பி ஒருமுறை கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அதனால்தான் இந்தத் திட்டத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டான். அவள் கேட்டதில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. ஒரு குறையும் இருக்கக் கூடாது. குறை இல்லையென்றால் பிரிவதற்குக் காரணமும் இல்லை.

இப்போது அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்துவதற்கு முன் நரம்பைத் தேடுகிற பார்வை.

“என்ன?” என்றான்.

“ஒண்ணுமில்ல. நல்லாத்தான் போட்டிருக்கீங்க.”

பாராட்டா, வேறு ஏதாவதா? அவனுக்குப் பிடிபடவில்லை. மனதுக்குள் திட்டத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். கட்டிலில் அவள். கழிமுகத்தில் அவன். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் அவள். கட்டிலில் அவன். மணலில், இருட்டில், ஆமைக்குப் பக்கத்தில் அவன். கட்டிலில் அவள்.

இரண்டு பேரும் ஒன்றாக நிற்கிற இடத்தைத் தேடினான். விடுதியின் மாடிப்படி மட்டும்தான் கிடைத்தது. அதிலும் ஒருவர் ஏறுவார், ஒருவர் இறங்குவார்.

காது சூடானது.

“இன்னொரு விஷயம் சார்” என்றாள் மேசைப் பெண், தயங்கித் தயங்கி. “நீங்க எடுத்திருக்கறது ஒரு ஆள் கட்டில் உள்ள ரூம். பெரிய கட்டில் ரூம் ஒண்ணு காலியா இருக்கு. மாத்தித் தரட்டுமா?”

அறையை எடுத்தவனும் அவன்தான். படத்தில் கட்டிலைப் பார்த்தபோது வித்தியாசமாக எதுவும் படவில்லை. வீட்டில் இருப்பதும் அந்த அகலம்தான். கல்யாணத்துக்கு முன் அவன் தனியாக இருந்தபோது வாங்கியது. ஒன்பது வருஷத்தில் யாருக்கும் இடம் போதாமல் போனதில்லை.

‘இருக்கட்டும்மா, இதுவே போதும்’ என்று சொல்ல வாய் எடுத்தான்.

சொல்லவில்லை. மனைவி பக்கம் திரும்பினான். தெரியாத ஊரில் தெரியாத ஆளிடம் வழி கேட்பவன் போலக் கேட்டான்.

“நீ எந்தப் பக்கம் படுப்ப?”

மேசைப் பெண் இரண்டு கைகளிலும் இரண்டு சாவிகளோடு அப்படியே நின்றாள்.

மனைவி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

“நடுவுல” என்றாள்.

அவனும் நடுவில்தான்.